கடலுக்கு மையவாடி இல்லை



திருவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் இடையே பேருந்தில் அரைமணி நேரத்துக்கும் குறைவான பயணம்தான். வலப்பக்கம் திரும்பினாலும் இடப்பக்கம் திரும்பினாலும் கண்ணில் படுபவை மேற்குத் தொடர்ச்சி மலை, கண்மாய், தென்னந்தோப்பு, நூற்பாலை ஆகியவைதாம். கடல் என்பது இப்பகுதிப் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகத்தில் நீல நிறத்தில் வண்ணம் தீட்ட வேண்டிய ஓர் இடம், அவ்வளவே.

ஒரு டிசம்பர் மாத மாலையில் மக்தபுக்கு வந்த சிறுவன் ஒருவன் சட்டைப் பையின் மேல் ஒரு காகிதக் கொடியைக் குத்தியிருந்தான். பள்ளியில் கொடி நாளுக்குக் காசு கொடுத்ததற்கு அடையாளமாகக் கிடைத்தது. ஓதி முடித்த பின் அவன் கேட்டான்: "ஹஜ்ரத், இந்தக் கொடியில மூணு நிறம் எதுக்கு?" சிவப்பு தரைப்படைக்கு, கருநீலம் கடற்படைக்கு, வெளிர்நீலம் விமானப்படைக்கு என்று விளக்கினேன். உடனே அடுத்த கேள்வி வந்தது: "நம்ம ஊர்ல கடலே இல்லையே ஹஜ்ரத், கடற்படைக்கு நாம ஏன் காசு கொடுக்கணும்?"

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளை கேட்டது நியாயமான கேள்வி. அன்று அவனுக்கு நான் சொன்ன பதில் அரைகுறையானது. முழுப் பதிலை இங்கே எழுத முற்படுகிறேன்.

ஒரே வாரத்தில் மூன்று நாட்கள்

டிசம்பர் மாதத்தின் முதற்பகுதியில் ஆறு நாட்களுக்குள் மூன்று நினைவு நாட்கள் வந்து போகின்றன. 4ஆம் தேதி இந்தியக் கடற்படை நாள். 7ஆம் தேதி கொடி நாள். முப்படையினர், முன்னாள் படைவீரர், அவர்தம் குடும்பத்தினர் ஆகியோரின் நலனுக்காக நிதி திரட்டும் இந்நாள் 1949 முதல் அனுசரிக்கப்பட்டு வருகிறது. மூன்றாவது 9ஆம் தேதி. அந்த நாளுக்கு நாட்காட்டியில் பெயர் எதுவும் அச்சிடப்பட்டிருப்பதில்லை. ஆயினும் கடற்படையில் பணியாற்றியவர்களிடம் கேட்டால், அம்மூன்றில் நெஞ்சை அழுத்துவது அந்த நாளே என்பார்கள்.

கடற்படை நாள் முதலில் டிசம்பர் 4ஆக இருக்கவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில், 1944ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி அது முதன்முதலாகக் கொண்டாடப்பட்டது. அக்டோபர் 21 என்ன நாள்? 1805ஆம் ஆண்டில் டிரபால்கர் என்னுமிடத்தில் பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பற்படைகளை நெல்சனின் தலைமையில் ஆங்கிலேயர் வென்ற நாள்! யாரோ யாரையோ வென்ற நாளை நம் மாலுமிகள் அணிவகுத்துப் போற்ற வேண்டியிருந்தது. விடுதலைக்குப் பின்னும் சில காலம் வெவ்வேறு தேதிகளில் நடந்துவந்த கடற்படை நாள், 1972ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட முடிவின்படி டிசம்பர் 4ஆம் தேதிக்கு மாற்றப்பட்டது. அதற்குக் காரணமாக அமைந்தது முந்தைய ஆண்டின் போர்.

கராச்சிக் கடலில் ஓர் இரவு

1971 டிசம்பர் 3ஆம் தேதி மாலை, இந்திய விமானத் தளங்களின் மீது பாகிஸ்தான் தாக்குதல் தொடுத்ததும் போர் மூண்டது. மறுநாள் இரவு நிபாத், நிர்காத், வீர் என்னும் மூன்று சிறிய ஏவுகணைப் படகுகள் கராச்சியை நோக்கி விரைந்தன. கில்டான், கட்சால் என்னும் இரு கப்பல்கள் துணை நின்றன. இந்த நடவடிக்கைக்கு 'திரிசூலம்' என்னும் பொருள்பட 'டிரைடென்ட்' என்று பெயரிடப்பட்டிருந்தது.

அந்தப் படகுகள் சோவியத் நாட்டில் கட்டப்பட்டவை. தம் கரையைக் காப்பதற்கென்று செய்யப்பட்டவை. நெடுந்தூரம் செல்லத் தக்க எரிபொருள் அவற்றில் கொள்ளாது. காவலுக்கு நிற்க வேண்டிய படகைத் தாக்குவதற்குக் கொண்டு சென்றதே அன்றைய திட்டத்தின் துணிவு. வழியின் ஒரு பகுதியைப் பெரிய கப்பல்களால் இழுத்துச் சென்று கடக்க வேண்டியிருந்தது. எதிரியின் விமானங்களுக்கு இருளில் கடல்மேல் தாக்கும் வசதி குறைவு என்பதால் இரவு நேரம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

நிர்காத் ஏவிய ஏவுகணைகளால் பாகிஸ்தானின் 'கைபர்' என்னும் நாசகாரிக் கப்பல் மூழ்கியது. வீர் தாக்கியதில் 'முஹாஃபிஸ்' என்னும் கண்ணிவாரிக் கப்பல் மூழ்கியது. துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளும் தாக்குதலுக்கு இலக்காயின. நம் தரப்பில் ஓர் உயிர்ச்சேதமும் இல்லை. படகு அணியை நடத்திச் சென்ற பப்ரு பான் யாதவுக்கு மகாவீர் சக்கர விருது வழங்கப்பட்டது. வெற்றி என்று சொல்லத் தக்க எல்லாமும் அந்த இரவில் இருந்தது. அதனாலேயே டிசம்பர் 4 விழா நாளாயிற்று.

குக்ரியின் கதை

ஐந்து நாட்கள் கழித்து வந்த இரவு வேறுவிதமானது.

குஜராத்தின் தென்கோடியில் உள்ள தியூத் தீவுக்கு அப்பால் ஒரு நீர்மூழ்கி நடமாடுவதாகத் தெரியவந்ததும், அதைத் தேடி அழிக்க 'குக்ரி', 'கிர்பான்' என்னும் இரு கப்பல்கள் அனுப்பப்பட்டன. நீருக்கடியில் எழும் ஒலியைக் கொண்டு நீர்மூழ்கியைக் கண்டறியும் கருவி ஒன்றை மேம்படுத்தும் சோதனையும் குக்ரியில் நடந்துகொண்டிருந்தது. அதற்காகக் கப்பல் வேகத்தைக் குறைத்துச் சென்றதாகப் போர் வரலாறுகள் கூறுகின்றன. வேகம் குறைந்த கப்பல் நீர்மூழ்கிக்கு எளிய இலக்கு.

டிசம்பர் 9ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்குச் சற்று முன், பாகிஸ்தானின் 'ஹங்கோர்' என்னும் நீர்மூழ்கி ஏவிய டார்ப்பிடோ குக்ரியைத் தாக்கியது. சில நிமிடங்கள்! அதற்குள் கப்பல் கடலுக்குள் போய்விட்டது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் அதனோடு போயினர். உயிருடன் மீட்கப்பட்டோர் 67 பேர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட முதற் போர்க்கப்பல் குக்ரி. விடுதலை பெற்ற இந்தியா போரில் இழந்த ஒரே போர்க்கப்பலும் அதுவே.

கப்பலின் தலைவர் கேப்டன் மகேந்திர நாத் முல்லா. கோரக்பூரில் பிறந்தவர், அப்போது அவருக்கு வயது 45. கப்பல் சாயத் தொடங்கியதும் தம் ஆட்களைக் கடலில் குதித்துத் தப்பும்படி பணித்தார். தம்முடைய உயிர்காப்பு மேலங்கியையும் ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டார். தாம் மட்டும் கப்பலை விட்டு இறங்கவில்லை. தலைவன் கப்பலோடு போவது சட்டம் அன்று. யாரும் அதைக் கட்டாயப்படுத்த முடியாது. கீழ்த்தளங்களில் சிக்கிய நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விட்டுவிட்டுத் தாம் மட்டும் கரையேறுவதை அவர் மனம் ஏற்கவில்லை என்றே கொள்ள வேண்டும். அவருக்கு மறைவுக்குப் பின் மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது.

194 வீடுகளுக்குத் தந்தி போயிருக்கும். அவற்றில் எத்தனை வீடுகளில் தந்தியைப் படித்துச் சொல்ல ஓர் ஆளைத் தேட வேண்டியிருந்ததோ! இன்றுபோல் கையடக்கத் தொலைபேசி இல்லாத காலம். உடலைக் காணாதவரை உள்ளம் நம்பாது. எங்கோ ஒரு மீனவர் படகு அவரைக் காப்பாற்றியிருக்கும், எங்கோ ஒரு தீவில் உயிரோடு இருப்பார் என்று வாசலைப் பார்த்தே காலம் கழிப்போர் எல்லாப் போர்களிலும் உண்டு.

நிலத்தில் இறந்தவருக்கு மையவாடியில் ஒரு மண்மேடாவது உண்டு. நின்று துஆ கேட்க ஓர் இடம் உண்டு. மகன் பெரியவனானதும் கைபிடித்து அழைத்துச் சென்று காட்ட ஓர் இடம் உண்டு. கடலில் போனவருக்கு அது இல்லை. அலை ஒரு நொடியில் மூடிக்கொள்கிறது. மறுநொடி அங்கே எந்த அடையாளமும் இருப்பதில்லை. கடலுக்கு மையவாடி இல்லை. ஆகவேதான் கடற்படையினர் இடத்துக்குப் பதிலாக நாளைப் பற்றிக்கொள்கிறார்கள். ஆண்டு நிறைவு நாள்தான் அவர்களுக்குக் கல்லறை.

மலர்வளையமும் மௌனமும்

குக்ரி மறைந்த கடலை நோக்கித் தியூவின் கரையில் ஒரு நினைவுச் சின்னம் உள்ளது. கண்ணாடிப் பேழைக்குள் கப்பலின் மாதிரி வடிவம் வைக்கப்பட்டிருக்கிறது. அது திறக்கப்பட்ட ஆண்டு 1999. குக்ரி என்னும் பெயரையே சூடி 1989இல் பணியில் சேர்ந்த இன்னொரு கப்பலும், 2021 டிசம்பரில் ஓய்வு பெற்றபின் தியூவுக்கே கொடுக்கப்பட்டுவிட்டது.

கிழக்குக் கரையில், விசாகப்பட்டினம் கடற்கரையில் 'கடலில் வெற்றி' என்னும் பெயருடைய நினைவுச் சின்னம் உண்டு. தலைநகர் டில்லியில் 2019இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில், விடுதலைக்குப் பின் உயிர்நீத்த இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட படைவீரர்களின் பெயர்கள் கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. டிரைடென்ட் நடவடிக்கையைக் காட்டும் வெண்கலப் புடைப்புச் சிற்பமும் அங்கே உள்ளது. அண்மைக் காலமாகக் கடற்படை நாளின் பெருவிழா ஒரே நகரில் நில்லாமல் ஊர் ஊராகச் செல்கிறது. 2022இல் விசாகப்பட்டினத்திலும், 2023இல் மராட்டியக் கரையின் சிந்துதுர்க்கத்திலும், 2024இல் ஒடிசாவின் புரியிலும் அது நடைபெற்றது.

போர்க்கப்பல்களின் அணிவகுப்பும் விமானங்களின் சாகசமும் காணத் தக்கவைதாம். ஆயினும் அந்நாளின் உயிர் அவற்றில் இல்லை. காலையில் நடைபெறும் சிறிய சடங்கில்தான் இருக்கிறது. பணியில் உள்ள மாலுமிகள் வெண்ணிறச் சீருடையில் அணிவகுத்து நிற்பார்கள். அவர்களுக்கு எதிரே, பழைய பதக்கங்களைக் கோட்டில் குத்திக்கொண்டு ஓய்வு பெற்றோர் நிற்பார்கள். மலர்வளையம் வைக்கப்படும். ஊதுகுழல் ஒலிக்கும். பிறகு மௌனம். அந்த மௌனத்தில் இளைஞர்கள் நேராகப் பார்க்கிறார்கள். முதியவர்கள் கீழே பார்க்கிறார்கள். முதியவர்களின் நினைவில் முகங்கள் இருக்கின்றன என்பதே அதற்குக் காரணம்.

மறுகரையில்

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை நேர்மையாக இராது.

நாம் துயரத்தோடு நினைக்கும் அதே டிசம்பர் 9ஆம் தேதியைப் பாகிஸ்தான் கடற்படை 'ஹங்கோர் நாள்' என்று பெருமையோடு கொண்டாடுகிறது. அந்த நீர்மூழ்கி இன்று கராச்சியின் கடல்சார் அருங்காட்சியகத்தில் காட்சிப் பொருளாக உள்ளது. நாம் மகிழ்வோடு கொண்டாடும் டிசம்பர் 4ஆம் தேதியோ அங்கே இழப்பு நாள். கைபரிலும் முஹாஃபிஸிலும் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 3ஆம் தேதி நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினத்துக்கு அருகே மூழ்கிய 'காஸி' நீர்மூழ்கியில் இருந்த தொண்ணூறுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ராஜ்புத் என்னும் நம் கப்பல் வீசிய ஆழ்நீர்க் குண்டுகளால் அது அழிந்தது என்பது நம் தரப்பு. உள்ளே நேர்ந்த வெடிப்பால் அழிந்தது என்பது அவர்கள் தரப்பு. கடலடியில் கிடப்போருக்கு இந்த வழக்கினால் ஆவது ஒன்றுமில்லை.

இன்னும் வியப்பான செய்திகள் உண்டு. கராச்சித் தாக்குதலுக்கு ஆணையிட்ட நம் கடற்படைத் தளபதி அட்மிரல் நந்தா, தம் இளமைக் காலத்தைக் கராச்சித் துறைமுகத்தின் மனோராத் தீவில் கழித்தவர். தாம் ஓடி விளையாடிய கரையின் வரைபடத்தின்மேல் அவர் இலக்குகளைக் குறிக்க வேண்டியிருந்தது! மூழ்கிய குக்ரியும் மூழ்கிய கைபரும் பிரிட்டனில் கட்டப்பட்டவையே.

இரண்டு கடற்படைகளும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். 1946 பிப்ரவரி 18ஆம் தேதி பம்பாயில் 'தல்வார்' என்னும் கடற்படைத் தளத்தில் இந்திய மாலுமிகள் ஆங்கிலேயருக்கு எதிராக வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கெட்டுப்போன உணவும் இனவெறி கொண்ட ஏச்சும் உடனடிக் காரணங்கள். விடுதலை வேட்கை அடிப்படைக் காரணம். போராட்டக் குழுவின் தலைவர் எம்.எஸ். கான்; துணைத் தலைவர் மதன் சிங். பம்பாயில் மூண்ட தீ கராச்சிக்கும் பரவியது. அன்று ஒரே தட்டில் உணவை மறுத்தவர்கள், அடுத்த ஆண்டில் நாடு பிரிந்தபோது கப்பல்களைப் போலவே தாமும் பிரிந்தார்கள். கால் நூற்றாண்டு கழித்து அதே அரபிக்கடலில் ஒருவரையொருவர் குறிபார்த்தார்கள்.

இதை எழுதுவதால் நம் வீரர்களின் தியாகம் சற்றும் குறைந்துவிடாது. நாட்டுக்காக நின்றவர்கள் நம்மவர்கள். அவர்களைப் போற்றுவது நம் கடமை. அதே வேளையில், மறுகரையில் வாசலைப் பார்த்திருந்த தாய்க்கும் நம் தாய்க்கும் கண்ணீர் ஒரே உப்புதான் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பகைவர் இருவர் சேர்ந்து நின்று தம் மாண்டோரை நினைக்க முடியுமா? முடியும் என்பதற்கு உலகில் சான்று உண்டு. முதல் உலகப் போரில், 1916 மே 31ஆம் தேதி ஜட்லாந்துக் கடற்போரில் பிரிட்டனும் ஜெர்மனியும் மோதின. எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் ஒரு பகல் ஓர் இரவுக்குள் மாண்டனர். நூறாண்டு நிறைவில், 2016ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில் நடந்த நினைவு நாளுக்கு ஜெர்மனியின் குடியரசுத் தலைவரே வந்திருந்தார். இரு நாட்டுப் போர்க்கப்பல்களும் போர் நடந்த கடலுக்குச் சென்றன, மலர்கள் தூவப்பட்டன. நமக்கு அப்படி ஒரு நாள் வர எத்தனை காலம் ஆகுமோ தெரியாது. ஆயினும் அது வரவே வராது என்று சொல்ல வரலாறு இடம் தரவில்லை.

கடல் இல்லாத ஊர்

இனி, அந்தச் சிறுவனின் கேள்விக்கு வருவோம். கடல் இல்லாத நம் ஊருக்கும் கடற்போருக்கும் என்ன தொடர்பு?

கேட்பவர்கள் தம் நாக்கைக் கேட்கட்டும். விடாக்கண்டனான ஒருவனை "அவன் பெரிய எம்டன்" என்று இராஜபாளையத்துச் சந்தையிலும் சொல்கிறோம். எம்டன் என்பது ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்து எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்திவிட்டு மாயமாய் மறைந்தது. ஏழு வாரங்களில் கொகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியிடம் தோற்றழிந்தது. கப்பல் போயிற்று, பெயர் தமிழனின் பேச்சில் நின்றுவிட்டது. கடலையே காணாத பாட்டிமார் வாயிலும் ஒரு கடற்போர் நூறாண்டுக்கு மேலாக வாழ்ந்துகொண்டிருக்கிறது!

கேட்பவர்கள் வரைபடத்தைப் பார்க்கட்டும். நமக்குத் தெற்கே திருநெல்வேலி மாவட்டத்தின் விஜயநாராயணத்தில், 1990இல் தொடங்கப்பட்ட 'கட்டபொம்மன்' என்னும் கடற்படை நிலையம் உள்ளது. ஆழ்கடலில் மூழ்கியிருக்கும் நீர்மூழ்கிகளுக்கு வானொலி அலைகள் மூலம் செய்தி அனுப்புவது அதன் பணி. கோயம்புத்தூரில் 'அக்ரணி' என்னும் பயிற்சி நிலையம் மாலுமிகளுக்குத் தலைமைப் பண்பைக் கற்பிக்கிறது. அரக்கோணத்தில் 'ராஜாளி' விமானத் தளம் கடல்மேல் காவல் பறக்கிறது. மூன்றும் தமிழகத்தில் உள்ளவை. மூன்றும் கரையிலிருந்து விலகி நிலத்துக்குள் இருப்பவை.

கேட்பவர்கள் நம் தறியைப் பார்க்கட்டும். இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, காயம் கட்டும் மருத்துவத் துணிக்குப் பெயர்பெற்ற ஊர். எந்தக் கடலில் யார் காயம்பட்டாலும் அதைக் கட்டும் துணியை நெய்கிற கைகள் இங்கே உள்ளன. கடலுக்கும் நமக்கும் தொடர்பில்லை என்று இனியும் சொல்வதற்கில்லை.

கேட்டுக் குறித்து வையுங்கள்

கடற்படையில் சேர்ந்த பிள்ளைகள் கடற்கரை ஊர்களிலிருந்து மட்டும் போனவர்கள் அல்லர். மழை பொய்த்த கரிசல் ஊர்களிலிருந்தும், ஏக்கர் கணக்கில் நிலம் இல்லாத வீடுகளிலிருந்தும் போனார்கள். பலருக்கு அவர்கள் பார்த்த முதற்கடலே அவர்கள் பணிபுரிந்த கடல். ஓய்வு பெற்றதும் மலையடிவாரத்துக்குத் திரும்பிவிட்டார்கள்; இன்று வங்கி வாசலிலும் தேநீர்க் கடையிலும் நம்மோடு நிற்கிறார்கள். ஓய்வூதியம் தொடர வேண்டுமானால், தாம் உயிரோடு இருப்பதற்குச் சான்று ஒன்றை ஆண்டுதோறும் காட்ட வேண்டும். பெரும்பாலோர் அதை நவம்பரில் செய்வது வழக்கம். தாம் இருப்பதை நவம்பரில் நிரூபித்துவிட்டு, இல்லாதவர்களை டிசம்பரில் நினைக்கிற வாழ்க்கை அவர்களுடையது.

1971இல் இருபது வயதாக இருந்தவர் எழுபதைக் கடந்துவிட்டார். அவர்களுக்கு மூத்தவர்கள் பலர் வஃபாத்தாகிவிட்டார்கள். போரின் திட்டங்களை அதிகாரிகள் நூல்களாக எழுதிவைத்துள்ளனர். எந்திர அறையில் வியர்வையில் நின்றவர், சமையலறையில் அரிசி களைந்தவர், இரவுக் காவலில் இருளை உற்றுப் பார்த்தவர் ஆகியோரின் நினைவுகள் பெரும்பாலும் எழுதப்படவில்லை. அவர்கள் போனால் அவையும் போய்விடும். கடல் மூடிக்கொள்வதுபோல் காலமும் மூடிக்கொள்ளும்.

ஆகவே பெற்றோரே, ஆசிரியர்களே! உங்கள் தெருவில் முன்னாள் படைவீரர் ஒருவர் இருந்தால், வரும் டிசம்பரில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குச் செல்லுங்கள். வீரம் பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். "கப்பலில் என்ன சாப்பிட்டீர்கள்? வீட்டுக்குக் கடிதம் எப்படி வந்தது? உடன் இருந்த நண்பர் யார்?" என்று கேட்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். கைத்தொலைபேசியில் குரலைப் பதிந்துகொள்ளட்டும். நண்பரைப் பற்றிக் கேட்டதும் அவர் பேச்சு நின்றுபோனால், பிள்ளைகளும் சற்றுநேரம் பேசாமல் இருக்கட்டும். விசாகப்பட்டினத்திலும் தியூவிலும் ஊதுகுழல் ஒலித்தபின் நிலவும் மௌனம் அதுவேதான். அதற்குக் கடற்கரை தேவையில்லை. நம் வீட்டுத் திண்ணை போதும்.

கொடி நாளன்று கொடுக்கும் காசு அந்தக் குடும்பங்களுக்கு ஓரளவு உதவும். நாம் கேட்டுக் குறித்து வைக்கும் பெயரோ, கடலில் மண்மேடு இல்லாமல் போன ஒருவருக்கு நம் ஊரில் ஓர் இடம் தரும். தம்பி, உன் கேள்விக்கு நான் அன்று சொல்லாமல் விட்ட பதில் இதுதான்.